சிங்களத்தில் ‘இல்லை’ என்று சொல்லப் பழகுவோம்

பசறைக்கு வந்தவர்கள் நமுனுகுல மலையைப் பார்க்காமல் போயிருக்க முடியாது. பதுளையிலிருந்து செங்கலடி நோக்கிச் செல்லும் வீதியில் பஸ் வளைந்து வளைந்து வரும்போது, தேயிலைச் சரிவுகளுக்கு மேலே முகில் மூடியபடி நிற்கும் மலை அது. ‘நமுனுகுல’ என்றால் சிங்களத்தில் ஒன்பது சிகரங்கள் என்று பொருள். அந்த மலையைப் பார்த்தபடி இருக்கும் லயமொன்றில் பிறந்த நான், அந்தப் பெயரின் பொருளை என்னுடைய 42ஆவது வயதில்தான் அறிந்தேன்.

1977ஆம் ஆண்டு வன்செயலுக்குப் பிறகு எங்கள் குடும்பமும் மலையகத்திலிருந்து வன்னிக்குப் போன பல குடும்பங்களில் ஒன்றாகியது. அப்போது எனக்கு 9 வயது. கிளிநொச்சிப் பக்கம் காடு வெட்டிக் குடியேறினோம். அங்கேயே வளர்ந்தேன், திருமணம் செய்தேன், இரண்டு பிள்ளைகளைப் பெற்றேன். 33 வருடங்கள் சிங்களத்தில் ஒரு சொல் பேச வேண்டிய தேவை எனக்கு இருக்கவில்லை.

2009ஆம் ஆண்டு மே மாதம், முள்ளிவாய்க்காலில் இருந்து வட்டுவாகல் பாலத்தை நோக்கிச் சனம் நகர்ந்துகொண்டிருந்தபோது, பிள்ளைகளுக்குத் தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று ஒரு போத்தலோடு போன என் கணவர் திரும்பி வரவில்லை. செட்டிகுளம் முகாமில் இருந்து 2010இல் வெளியே வந்தபோது, எனக்குப் போக்கிடம் என்று இருந்தது பசறையில் இருந்த தாய்மாமன் வீடு மட்டுந்தான். அப்படித்தான் பிறந்த மண்ணுக்கே அகதியாகத் திரும்பி வந்தேன்.

சகோதரிகளே, என் கதையைச் சொல்லி உங்களை அழவைக்க இதை எழுதவில்லை. உங்களிடமும் இதைவிடப் பெரிய கதைகள் இருக்கும். ஒரு சொல்லைத் தவறாகச் சொன்னதால் எனக்கு நேர்ந்ததையும், அதன் பிறகு நான் படித்த சிறு இலக்கணப் பாடத்தையும் உங்களோடு பகிர்ந்துகொள்ளவே எழுதுகிறேன்.

‘ஓவ்’ மட்டும் தெரிந்த காலம்

பசறைக்கு வந்த புதிதில் எனக்குத் தெரிந்த ஒரே சிங்களச் சொல் ‘ஓவ்’. ‘ஆம்’ என்று பொருள். யார் எதைக் கேட்டாலும் ‘ஓவ்’ என்று தலையாட்டினேன். பஸ்ஸில் ‘ஓவ்’, கடையில் ‘ஓவ்’, அலுவலகத்தில் ‘ஓவ் மஹத்தயா’. ஆம் என்றால் யாரும் கோபிக்க மாட்டார்கள் அல்லவா? முகாமிலும் சோதனைச் சாவடியிலும் நாம் பழகியது அதுதானே.

2011இல் பிள்ளைகளின் படிப்புக்கான உதவித் தொகை ஒன்றுக்கு விண்ணப்பிக்க ஓர் அலுவலகத்துக்குப் போனேன். அன்று அங்கே தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் விடுமுறை. மேசையில் இருந்தவர் நடுத்தர வயதானவர், முகத்தில் கடுமை இல்லை. கணவர் எங்கே என்று கேட்கிறார் என்பது மட்டும் விளங்கியது.

அதற்குச் சில நாட்களுக்கு முன் பஸ்ஸில் ஒரு பெண், “மகே பர்ஸ் எக்க நெத்தி வுணா!” என்று கத்தியழுததைக் கேட்டிருந்தேன். அவளுடைய பணப்பை தொலைந்துவிட்டது என்பதைப் புரிந்துகொண்டேன். ‘நெத்தி வுணா’ என்றால் ‘தொலைந்துபோனது’, ‘காணாமல் போனது’ என்று மனதில் குறித்து வைத்திருந்தேன். அன்று அந்தச் சொல் கைகொடுத்தது என்று நினைத்து, “மகே மஹத்தயா நெத்தி வுணா” என்றேன்.

அவர் எழுதுவதை நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தார். “அனே, கனகாட்டுயி” என்று மெல்லிய குரலில் சொன்னார். வருந்துகிறேன் என்று பொருள். ஒரு மனிதராவது என் கவலையைக் கேட்டாரே என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. “ஸ்துத்தி” என்று நன்றி சொன்னேன். அவர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிரதியோடு வெளியே வந்தேன்.

பசறைக் கடைவீதியில் தையற்கடை வைத்திருந்த ஒரு சிங்களச் சகோதரியிடம் அந்தப் பிரதியைக் காட்டினேன். கொஞ்சம் தமிழ் தெரிந்தவர். மேலிருந்து கீழாக வாசித்துக்கொண்டு வந்தவர் ஓரிடத்தில் நின்றார். “அக்கே, மஹத்தயா மெரிலாத?” என்றார். ஐயா இறந்துவிட்டாரா என்று கேட்டார்.

படிவத்தில் என் கணவரின் பெயருக்கு எதிரே ‘மியகிய’ என்று எழுதியிருந்தது. காலமான என்று பொருள். என் கணவரை இறந்தவராக எழுதிக் கொடுத்ததும் நான். அதற்குக் கையெழுத்துப் போட்டதும் நான். நன்றி சொல்லிவிட்டு வந்ததும் நான்.

அந்தச் சகோதரி எனக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு விளக்கினார். சிங்களத்தில் பணப்பை தொலைந்தாலும் ‘நெத்தி வுணா’தான். ஒரு மனிதர் காலமானாலும், நேரடியாகச் சொல்ல மனமில்லாமல் மரியாதையாகச் சொல்வது ‘நெத்தி வுணா’தான். சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘இல்லாமல் ஆனார்’. “தமிழ்லயும் அப்பிடித்தானே அக்கே?” என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். “அவர் இப்ப இல்லை” என்றால் நாமும் வேறு பொருளில்தானே எடுத்துக்கொள்கிறோம்.

காணாமல் போனவரைப் பற்றிச் சொல்ல வேறு சொல் இருக்கிறது: ‘அத்துருதஹன் வுணா’. அந்தச் சொல்லைத் தையல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று பத்துத் தடவை சொல்லிப் பழகினேன். பிறகு அந்த அலுவலகத்துக்கு மூன்று முறை நடந்தேன். மூன்றாவது முறை அதே உத்தியோகத்தரைக் கண்டு, “மகே மஹத்தயா மெரிலா நே. அத்துருதஹன் வெலா” என்றேன். என் கணவர் இறக்கவில்லை, காணாமல் போயிருக்கிறார். அவர் பழைய சொல்லை ஒரு கோடிட்டு வெட்டி, மேலே புதிய சொல்லை எழுதி, பக்கத்தில் தன் கையெழுத்தையும் வைத்தார்.

அன்றுதான் ஒன்று விளங்கியது. ‘ஆம்’ சொல்ல ஒரு சொல் போதும். ‘இல்லை’ சொல்லத்தான் இலக்கணம் வேண்டும்.

நான்கு சொற்கள்

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் லயத்துக் கோயில் மண்டபத்தில் ஏழெட்டுப் பெண்கள் கூடுகிறோம். எனக்குத் தெரிந்ததைச் சொல்லிக் கொடுக்கிறேன். முதல் நாள் ஒரு தங்கச்சி கேட்டாள்: “அக்கா, நாங்க கொழுந்து பறிக்கிறவுங்க. எங்களுக்கு எதுக்கு இலக்கணம்? வாய்க்கு வர்ற நாலு சொல்லு போதும்.” நான் சொன்னேன்: “சரி, நாலே சொல்லுதான் சொல்லித் தரப்போறேன். எல்லாமே மறுக்கிற சொல்லு.”

முதலாவது, ‘நெஹெ’. பேச்சில் சுருக்கி ‘நே’ என்பார்கள். ‘பேங்க்’ என்று சொல்லும்போது வாய் அகலுமே, அந்த அகன்ற ஒலியோடு சொல்ல வேண்டும். இது நமது ‘இல்லை’. ‘சல்லி நே’ என்றால் காசு இல்லை. ‘இட நே’ என்றால் இடமில்லை. பஸ் நடத்துநர் வாயில் தினமும் கேட்கலாம். வினைச்சொல்லை மறுக்கவும் இதுதான். ‘யனவா’ என்றால் போகிறேன். ‘யன்னே நே’ என்றால் போவதில்லை. ‘ஆவா’ என்றால் வந்தார். ‘ஆவே நே’ என்றால் வரவில்லை. வினையின் கடைசி ஒலி ‘ஏ’ என்று மாறுவதைக் கவனியுங்கள். ‘மட்ட தேருணே நே’ என்றால் எனக்கு விளங்கவில்லை. எந்த அலுவலகத்துக்குப் போனாலும் கையில் கொண்டுபோக வேண்டிய முதல் வாக்கியம் இதுதான்.

இரண்டாவது, ‘நெமெயி’. சிலர் ‘நெவெயி’ என்றும் சொல்வார்கள். இது நமது ‘அல்ல’. ஒன்று இன்னொன்று அல்ல என்று மறுக்கும் சொல். ‘மேக்க மகே நம நெமெயி’ என்றால் இது என் பெயர் அல்ல. நம்மில் எத்தனை பேருடைய பெயர், அடையாள அட்டையில் ஒரு மாதிரியும் பிறப்புச் சான்றிதழில் வேறு மாதிரியும் இருக்கிறது! அதைச் சொல்லத் தேவையான சொல் இது. பேச்சுத் தமிழில் நாம் ‘அல்ல’ என்பதை மறந்து, எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அதனால்தான் சிங்களம் பேசும்போது ‘மேக்க மகே நம நே’ என்று தவறாகச் சொல்கிறோம். பாடசாலையில் படித்த ‘அல்ல’வை ஞாபகத்துக்குக் கொண்டுவந்தால், ‘நெமெயி’ தானாக வந்து நிற்கும்.

மூன்றாவது, ‘எப்பா’. இது நமது ‘வேண்டாம்’. ‘மட்ட எப்பா’ என்றால் எனக்கு வேண்டாம். ‘யன்ன எப்பா’ என்றால் போக வேண்டாம், போகாதே. ஒன்றை விரும்பவில்லை என்பதற்கும், செய்யாதே என்று தடுப்பதற்கும் இந்த ஒரு சொல்தான். நமது ‘வேண்டாம்’ என்பதும் அப்படித்தானே.

நான்காவது, ‘பெஹெ’, சுருக்கமாக ‘பே’. பஸ் என்று சொல்லும்போது வரும் மெல்லிய ‘ப’ இது. முடியாது, ஏலாது என்று பொருள். ‘மட்ட கியவன்ன பே’ என்றால் எனக்கு வாசிக்க ஏலாது. இங்கே ஒரு வேடிக்கை. எழுத்துத் தமிழில் ‘என்னால் முடியாது’ என்கிறோம். பேச்சில் ‘எனக்கு ஏலாது’ என்கிறோம். சிங்களத்தில் ‘மட்ட’ என்றால் ‘எனக்கு’. ஆகவே நம்முடைய பேச்சுத் தமிழை அப்படியே வைத்தால் சிங்கள வாக்கியம் சரியாக அமைந்துவிடும்.

இந்த நான்கையும் கலந்துவிடக் கூடாது. கையெழுத்து வைக்கச் சொல்லும் இடத்தில் ‘மம அத்ஸன் கரன்னே நே’ என்றால் நான் கையெழுத்து வைப்பதில்லை என்று மறுக்கிறோம். ‘மட்ட அத்ஸன் கரன்ன பே’ என்றால் எனக்குக் கையெழுத்துப் போட ஏலாது என்கிறோம். பின்னதைச் சொன்னால், எழுதத் தெரியாதவள் என்று எண்ணி மை பூசி விரல் அடையாளம் எடுத்துவிடக்கூடும்!

எங்கள் வகுப்பில் குவைத்தில் வேலை செய்து திரும்பிய ஓர் அக்கா இருக்கிறார். “அங்க நான் ‘மாஃபி’ங்கற ஒரே சொல்ல வச்சிக்கிட்டு காலந்தள்ளுனேன். தண்ணி மாஃபி, காசு மாஃபி, தூக்கம் மாஃபி” என்று சொல்லிச் சிரித்தார். அரபுப் பேச்சில் ‘மாஃபி’ என்றால் ‘இல்லை’. பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “ஆனா ‘எனக்கு வேணாம்’னு சொல்றதுக்கு மட்டும் எனக்குச் சொல்லு தெரியல” என்றார். மண்டபத்தில் யாரும் சிறிது நேரம் பேசவில்லை. அன்று ‘எப்பா’வை எல்லோரும் உரக்கச் சொல்லிப் பழகினோம்.

‘நல்ல’வும் ‘நல்லது’ம்

அடுத்த பாடம் பெயரடை. நல்ல, பெரிய, புதிய என்று ஒரு பெயருக்கு முன்னால் நின்று அதன் தன்மையைச் சொல்லும் சொல். இதில் நமக்குக் கஷ்டமே இல்லை. தமிழில் பெரிய வீடு, பெரிய வீடுகள் என்கிறோம். ‘பெரிய’ மாறுவதில்லை. சிங்களத்திலும் அப்படியே. ‘லொக்கு கெதர’ என்றால் பெரிய வீடு. ‘லொக்கு கெவல்’ என்றால் பெரிய வீடுகள். ‘லொக்கு’ மாறவில்லை.

ஆனால் அந்தச் சொல் வாக்கியத்தின் கடைசிக்கு வந்தால், ‘யி’ என்ற சிறு வால் ஒட்டிக்கொள்ளும். ‘கெதர லொக்குயி’ என்றால் வீடு பெரியது. ‘தே எக்க ரஸயி’ என்றால் தேநீர் சுவையாக இருக்கிறது. ‘மகே லமயாட்ட அசனீப்பயி’ என்றால் என் பிள்ளைக்குச் சுகமில்லை. ஆஸ்பத்திரியில் உடனே தேவைப்படும் வாக்கியம். ‘புதிய’ என்ற பொருளுள்ள ‘அலுத்’ போல மெய்யெழுத்தில் முடியும் சொல்லுக்கு மட்டும் இந்த வால் வராது. ‘கெதர அலுத்’ என்றே நிற்கும். அன்று அந்த உத்தியோகத்தர் சொன்ன ‘கனகாட்டுயி’ என்பதிலும் இருந்தது இதே வால்தான்.

மறுத்துச் சொல்லும்போது அந்த வால் விழுந்துவிடும். ‘ஹொந்தயி’ என்றால் நல்லது. ‘ஹொந்த நே’ என்றால் நல்லதில்லை. ஆனால் பெயர்ச்சொல்லை மறுக்கும்போது ‘நே’ வராது, ‘நெமெயி’ வரவேண்டும். ‘கெதர லொக்கு நே’ என்றால் வீடு பெரிதில்லை. ‘மேக்க கெதரக் நெமெயி’ என்றால் இது ஒரு வீடு அல்ல. லயத்துக் காம்பராவில் மூன்று குடும்பம் இருக்கும் ஒரு தங்கச்சி இரண்டு வாக்கியத்தையும் சேர்த்துச் சொன்னாள்: “மகே கெதர லொக்கு நே. மேக்க கெதரக் நெமெயி.” இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. நாங்கள் எல்லோரும் கைதட்டினோம்.

எங்களில் ஒருத்தியின் மகள் எல்லயில் வெளிநாட்டவர் தங்கும் விடுதி ஒன்றில் வேலை செய்கிறாள். ஸ்பெயின் நாட்டவர் வந்தால் பேசுவதற்காகச் சில ஸ்பானியச் சொற்களைப் பழகியிருக்கிறாள். ஒரு ஞாயிறு எங்களுக்கும் சொல்லிக் காட்டினாள். ஸ்பானியத்தில் மறுப்பது மிகச் சுலபமாம். வினைக்கு முன்னால் ‘நோ’ என்று ஒரு சொல்லை வைத்தால் போதும். ‘தெங்கோ’ என்றால் என்னிடம் இருக்கிறது. ‘நோ தெங்கோ’ என்றால் என்னிடம் இல்லை. ஆனால் பெயரடை பாடாய்ப் படுத்துமாம். நல்ல பையனுக்கு ‘புவெனோ’, நல்ல பெண்பிள்ளைக்கு ‘புவெனா’, பலர் என்றால் ‘புவெனோஸ்’, ‘புவெனாஸ்’. ஒரு ‘நல்ல’வுக்கு நான்கு உருவம்! வெள்ளை வீடு ‘காசா பிளாங்கா’, வெள்ளை வீடுகள் ‘காசாஸ் பிளாங்காஸ்’. அதுவும் வீடு முன்னால், வெள்ளை பின்னால்.

சிங்களம் அதற்கு நேர்மாறு. ‘நல்ல’வுக்கு ஒரே உருவம், ‘இல்லை’க்கு நான்கு சொல். ஒவ்வொரு மொழியும் ஓரிடத்தில் இரக்கம் காட்டி, இன்னோர் இடத்தில் கண்டிப்பாக இருக்கிறது. ஸ்பானியமும் சிங்களமும் இந்தோ ஐரோப்பிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்று மொழியறிஞர் சொல்கிறார்கள். தமிழ் திராவிட மொழி. அப்படியிருந்தும், சொற்களை அடுக்கும் முறையில் சிங்களம் நமக்குத்தான் அயல்வீடு. 13ஆம் நூற்றாண்டில் எழுந்த ‘சிதத் சங்கராவ’ என்ற சிங்கள இலக்கண நூலில் நமது ‘வீரசோழியம்’ என்ற இலக்கண நூலின் சாயல் இருப்பதாகவும் அறிஞர்கள் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். ஆகவே சிங்களம் படிப்பது நமக்கு மலையைப் புரட்டும் வேலை அல்ல.

‘இல்லாத’ என்ற சொல்

இனி மறுப்பும் பெயரடையும் சந்திக்கும் இடத்துக்கு வருவோம். தமிழில் ‘இல்லை’ என்பது பெயருக்கு முன்னால் வந்தால் ‘இல்லாத’ என்று மாறும். சிங்களத்தில் ‘நே’ என்பது ‘நெத்தி’ என்று மாறும். ‘சல்லி நெத்தி மினிஹா’ என்றால் காசில்லாத மனிதன். அதேபோல ‘பே’ என்பது ‘பெரி’ ஆகும். ‘கரன்ன பெரி வெட’ என்றால் செய்ய ஏலாத வேலை. வினைக்கு முன்னால் ‘நொ’ சேர்த்தும் சொல்லலாம். ‘தன்ன’ என்றால் தெரிந்த, ‘நொதன்ன’ என்றால் தெரியாத.

என்னைக் கவிழ்த்த ‘நெத்தி வுணா’ இந்த ‘நெத்தி’தான். இல்லாத நிலை ஆயிற்று என்று பொருள். பணப்பைக்கும் அது பொருந்தும், உயிருக்கும் அது பொருந்தும். ஆனால் தேடிக்கொண்டிருக்கும் ஒருத்தி அதைச் சொல்லலாகாது. காத்திருப்பவளுடைய சொல் ‘தவம எவில்லா நே’. இன்னும் வந்து சேரவில்லை.

அச்சிட்ட படிவங்களில் எழுத்துச் சிங்களம் இருக்கும். அங்கே ‘நே’ என்பது ‘நொமெத்த’ என்றும், ‘நெமெயி’ என்பது ‘நொவே’ என்றும், ‘பே’ என்பது ‘நொஹெக்க’ என்றும் வரும். மூன்றும் ‘நொ’வில்தான் தொடங்குகின்றன. ‘அதாள நொவே’ என்றால் பொருத்தமற்றது. சிங்கள எழுத்தில் ‘நொ’ எப்படி இருக்கும் என்பதை மட்டுமாவது பிள்ளைகளிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு வாக்கியம் ஆமென்கிறதா, இல்லையென்கிறதா என்று ஓரளவு பிடிபடும். கையெழுத்துக்கு முன் அது பெரிய காவல்.

உரிமையையும் மறக்க வேண்டாம்

சிங்களம் படிப்பதால் தமிழில் கேட்கும் உரிமையை விட்டுக்கொடுத்துவிட்டோம் என்று ஆகாது. 1956இல் சிங்களம் மட்டும் அரச கரும மொழியாக்கப்பட்டது உண்மை. ஆனால் 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழும் ஓர் அரச கரும மொழி என்றது. 1988இல் வந்த 16ஆவது திருத்தம் நிர்வாகத்திலும் நீதிமன்றத்திலும் மொழிப் பயன்பாட்டை விரிவாகச் சொன்னது. பதுளை மாவட்டத்தில் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இரு மொழியிலும் நிர்வாகம் நடக்க வேண்டிய பிரிவுகளாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டுள்ளன. 2007 ஜூலை 1ஆம் திகதிக்குப் பிறகு அரச சேவையில் சேர்வோர் மற்ற அரச கரும மொழியிலும் தேர்ச்சி பெற வேண்டும் என்ற சுற்றறிக்கையும் உண்டு. ஆகவே தமிழ்ப் படிவம் கேட்பது தயவு கேட்பதல்ல. தமிழில் எழுதிக் கொடுங்கள், தமிழில் பதில் கேளுங்கள்.

ஆனாலும் சட்டம் தாளில் இருக்கும் நாளில், தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் விடுமுறையில் இருக்கக்கூடும். அந்த ஒரு நாளுக்காகத்தான் இந்த நான்கு சொல்லும்.

காணாமல் போனவர்களின் குடும்பங்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். காணாமல் போனவரை இறந்தவராகப் பதிவுசெய்து மரணச் சான்றிதழ் பெறுவதற்கு 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் வழி செய்தது. வேறு வழியில்லாமல் அதைப் பெற்றுக்கொண்ட சகோதரிகள் உண்டு. அது அவரவர் வாழ்க்கை நெருக்கடி. யாரும் அவர்களைக் குறை சொல்ல முடியாது. 2016இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. இறந்தார் என்று ஒப்புக்கொள்ளாமலேயே, ஆள் காணக்கிடைக்கவில்லை என்று உறுதிப்படுத்தும் சான்றிதழைப் பெற இப்போது வழி இருக்கிறது. காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகமும் 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்டது. ‘இறந்தார்’ என்பதற்கும் ‘காணவில்லை’ என்பதற்கும் உள்ள வேறுபாடு சட்டத்திலேயே ஏறிவிட்டது. அந்த வேறுபாட்டை நம் வாயும் சரியாகச் சொல்ல வேண்டும் அல்லவா?

நான் பட்டுத் தெரிந்துகொண்டவை சில: வாசித்து விளங்காத தாளில் கையெழுத்து வைக்க வேண்டாம். ‘மட்ட தேருணே நே’ என்று சொல்ல வெட்கப்பட வேண்டாம். முடிந்தால் மொழி தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள். கையெழுத்திட்ட எதற்கும் ஒரு பிரதி கேட்டு வாங்குங்கள். என்னிடம் அன்று பிரதி இல்லாதிருந்தால், என் கணவரை நானே இறந்தவராக்கியது எனக்கு இன்றுவரை தெரியாமலே போயிருக்கும்.

சென்ற ஞாயிறு வகுப்பில் ‘பய’ என்ற சொல் வந்தது. நமது ‘பயம்’தான். ‘மட்ட பயயி’ என்றால் எனக்குப் பயமாக இருக்கிறது. மறுத்துச் சொன்னால் என்னவாகும் என்று கேட்டேன். இலக்கணம் எதற்கு என்று முதல் நாள் கேட்ட அதே தங்கச்சி, கொஞ்சம் யோசித்து, வாலை எடுத்துவிட்டு, வாயை நன்றாக அகற்றிச் சொன்னாள்:

“மட்ட பய நே.”

சரியாகச் சொன்னாள். நீங்களும் ஒருமுறை சொல்லிப் பாருங்கள், சகோதரிகளே.